பாத்திரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்

காலாப்பட்டில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தமிழோ நாடகமோ ஆங்கிலமோ படித்துவிட்டு, எழுத்தையே பிழைப்பாக்கிக்கொள்ள நினைக்கிறவர்களுக்கான கட்டுரை இது. சிறுகதை, நாவல், சின்னத்திரைத் தொடர், சினிமா, ஓடிடி என்று எந்தப் பக்கம் போனாலும் சீக்கிரமே ஒரு கேள்வி வந்து முன்னால் நிற்கும்: "கதை இருக்கட்டும் தம்பி, இந்த ஆள் யாரு?" பத்திரிகை ஆசிரியர் கேட்பார், இயக்குநர் கேட்பார், நடிக்க வந்தவரும் கேட்பார்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்கிற பதில் இப்படி இருக்கும்: "ரொம்ப நல்லவன் சார். கொஞ்சம் கோபக்காரன். அம்மான்னா உயிர்." இந்த மூன்று வாக்கியத்திலும் ஆள் இல்லை. எழுதியவர் கொடுத்த நற்சான்றிதழ்தான் இருக்கிறது. வாசகர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, ஆளைக் காட்டுங்கள்" என்று காத்திருப்பார்.

ஆளைக் காட்ட நான் நம்பும் வழி ஒன்றுதான். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு கடன் கொடுங்கள். கையில் கொஞ்சம் காசு கொடுத்து, அதை என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். குணம் அங்கே தானாக வெளியே வரும்.

புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எங்கே தொடங்குகிறார் என்று பாருங்கள். சென்னையில் ஒரு தெருமுனையில் கந்தசாமிப் பிள்ளை நிற்கிறார். டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், அந்தக் காசுக்கு வெற்றிலை பாக்குப் போட முடியுமா என்று யோசிக்கிறார். அவர் சிக்கனமானவர், வறுமையோடு பழகியவர், சின்ன இன்பத்தை விட மனமில்லாதவர் என்று எழுத்தாளர் எங்கேயும் அறிவிக்கவில்லை. ஒரு கணக்குப் போடவிட்டார், அவ்வளவுதான். அப்புறம் கடவுளே எதிரில் வந்து நிற்கும்போதும் அதே மனிதர் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கத்தான் பார்க்கிறார். முதல் பத்தியில் டிராம் காசுக்குக் கணக்குப் பார்த்தவர் பின்னால் கடவுளிடம் சந்தா கேட்டால் அது நமக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது. பாத்திரம் ஒட்டி வருகிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

வேலைக்கான பயிற்சி: உங்கள் நாயகருக்கு இருபது ரூபாய் கொடுத்து ஒரு காட்சி எழுதுங்கள். அந்தப் பணம் அவருக்கு அவசியமாகத் தேவைப்படும் நாளாக அது இருக்கட்டும். அவர் மனநிலையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

அசோகமித்திரனின் 'புலிக் கலைஞன்' இந்த முறைக்கு இன்னும் கூர்மையான பாடம். எழுத்துலகில் நுழைய விரும்பும் ஒவ்வொருவரும் அந்தக் கதையைக் கையால் ஒரு தடவை பிரதியெடுக்க வேண்டும் என்பேன். சினிமா ஸ்டுடியோவின் அலுவலகத்துக்கு ஒருவர் வேலை கேட்டு வருகிறார். பெயர் டகர்பாயிட் காதர். மெலிந்த உடம்பு, கெஞ்சும் குரல். வேலை எதுவும் இல்லை என்கிறார்கள். அப்போது அவர் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்து காட்டுகிறார். அறைக்குள் ஒரு புலி வந்துவிடுகிறது, இருந்தவர்கள் வெலவெலத்துப் போகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் மறுபடி அதே பசித்த மனிதர். அந்தச் சில நிமிடங்களில் காதரைப் பற்றி நமக்குத் தெரிவது, பத்துப் பக்க முன்கதை எழுதினாலும் தெரியாது. தொழில் செய்யும்போது ஒருவர், தொழில் கேட்கும்போது ஒருவர் என்று ஒரே உடம்பில் இரண்டு ஆள். அந்த இடைவெளியில்தான் பாத்திரம் இருக்கிறது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பல வருடம் வேலை பார்த்தவர். அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் வந்து நிற்பவர்களை அவர் கவனித்திருந்தது கதையின் ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது.

ஆகவே, எழுத்தாளராகும் வரை வேறு வேலை பார்க்க நேர்ந்தால் அதை நேர விரயமாக நினைக்காதீர்கள். கூரியர் அலுவலகமோ, மருந்துக் கடையோ, வங்கிக் கிளையோ, மேசைக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார், எப்படி நிற்கிறார், முதல் வார்த்தையாக எதைச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வார்த்தை பெரும்பாலும் பொய்யாக இருக்கும். அந்தப் பொய்தான் உங்களுக்குத் தேவை.

*

காலாப்பட்டில் படித்தவர்களுக்கு ஒரு தனிக் கொடுப்பினை உண்டு. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கரிசல்காட்டு விவசாயி கி. ராஜநாராயணனை வருகைதரு பேராசிரியராக அழைத்து வந்த பல்கலைக்கழகம் இது. நாட்டுப்புறக் கதை சேகரிப்பதை அவர் இங்கே மாணவர்களுக்குப் பழக்கினார். 2021 மே மாதம் மறையும் வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்தார். இங்குள்ள நாடகப் பள்ளியின் தொடக்க காலத்தில் தலைமை ஏற்று நடத்தியவர் இந்திரா பார்த்தசாரதி. பின்னால் அதே பள்ளியில் இருந்தவர் 'வடு' எழுதிய கே.ஏ. குணசேகரன். கதைமாந்தரைப் படைப்பது பற்றிப் பாடம் கேட்க நீங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. நூலகத்துக்குப் போனால் போதும்.

கி.ரா.விடமிருந்து ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன்: 'கன்னிமை'. ஒரு பாத்திரம் மாறுவதை எப்படிக் காட்டுவது என்று கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும். நாச்சியாரம்மா என்ற ஒரு பெண். கதையின் முதல் பாதியைச் சொல்கிறவர் அவளுடைய அண்ணன். பிறந்த வீட்டில் அவள் அள்ளி அள்ளிக் கொடுப்பவள், எல்லோருக்கும் செல்லம், வேலையாட்களுக்குத் தெய்வம் மாதிரி. இரண்டாவது பாதியைச் சொல்கிறவர் அவளைக் கட்டிக்கொண்டவர். கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகு அதே கை எண்ணி எண்ணிக் கொடுக்கிறது, கணக்குப் பார்க்கிறது. நடுவில் என்ன நடந்தது? பெரிய விபத்து இல்லை, துரோகம் இல்லை, எழுத்தாளரின் விளக்கமும் இல்லை. தலைப்பும், சொல்கிற ஆள் மாறுவதும், அந்தக் கையும் மட்டும்தான்.

இதில் தொழில்நுட்பமாகக் கற்க இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, மாற்றத்தை அளக்க ஒரே அளவுகோலை வைக்க வேண்டும். முன்பும் கொடுக்கல், பின்பும் கொடுக்கல். முதல் பாதியில் அவள் தாராளத்தைக் காட்டிவிட்டு இரண்டாம் பாதியில் அவள் கோபத்தைக் காட்டியிருந்தால் வாசகர் எதை எதோடு ஒப்பிடுவார்? நம்முடைய தொடர்களில் பாத்திரங்கள் திடீரென்று மாறியதுபோல் தோன்றுவதற்கு இதுதான் காரணம். முதல் மாதம் ஒரு செயலைக் காட்டுகிறார்கள், ஆறாம் மாதம் வேறொரு செயலைக் காட்டி "மாறிவிட்டாள்" என்கிறார்கள். அதே அடுப்படி, அதே சாவிக்கொத்து, அதே பிச்சைக்காரர் வாசலில் வந்து நிற்கட்டும். இந்த முறை அவள் என்ன செய்கிறாள் என்று காட்டுங்கள்.

இரண்டாவது, சொல்கிற ஆளுக்கும் ஒரு குணம் உண்டு. அண்ணன் பார்த்த தங்கையும் கணவன் பார்த்த மனைவியும் ஒரே ஆளாக இருக்க முடியாது. அண்ணனுக்கு அவள் காட்டும் தாராளத்தால் செலவு இல்லை. கணவனுக்கோ அவள் கணக்குப் பார்ப்பதால்தான் குடும்பம் நிற்கிறதோ என்னவோ! அவர் குறைப்பட்டுக்கொள்ளும்போது அவளைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட அவரைப் பற்றி நாம் அதிகம் தெரிந்துகொள்கிறோம். உங்கள் நாயகியைப் பற்றி ஐந்து பேரைப் பேசவிடுங்கள். ஐவரும் ஒரே மாதிரிச் சொன்னால் காட்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பேச்சு வழக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கி.ரா. 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டவர். அவரைப் பார்த்துப் பலர் வட்டார வழக்கை அலங்காரமாக எடுத்துக்கொண்டார்கள். வரிக்கு வரி வழக்குச் சொல் தெளித்தால் ஊர் தெரியும், ஆள் மறைந்துவிடுவார். ஒருவரது தொழில் அவருக்குக் கொடுத்திருக்கும் சொல்லை மட்டும் எடுங்கள். காலாப்பட்டுக் கரையில் வலை இழுப்பவர் வெறுமனே "காத்து அடிக்குது" என்று நிறுத்த மாட்டார். கொண்டலா வாடையா சோழகமா என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லுக்குள் முப்பது வருடக் கடல் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரை 'சொல்தா' என்பார்கள். தெருவில் எல்லாரும் சொல்வது அது. அவர் மருமகள் எப்படிச் சொல்கிறாள், பிரான்சிலிருந்து வரும் பென்ஷனுக்காகக் காத்திருக்கும் பேரன் எப்படிச் சொல்கிறான் என்று யோசித்தால் மூன்று பாத்திரம் கிடைத்துவிடும்.

தமிழ் எழுத்தாளர்களுக்கு வாய்த்த இன்னொரு கருவி, விளிக்கும் சொல். நீ, நீங்க, வாங்க, வாடா, அண்ணி, ஐயா, சார். ஒருவர் இன்னொருவரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதை வைத்தே உறவின் மொத்த வரலாற்றையும் எழுதிவிடலாம். நாற்பதாவது காட்சி வரை "நீங்க" என்று பேசியவள் நாற்பத்தோராவது காட்சியில் "நீ" என்றால் அது ஒரு நிகழ்ச்சி. அதற்கு முன் அடிதடியோ அழுகையோ தேவையில்லை. தொடரில் வசனம் எழுதப் போகிறவர்கள் முதல் நாளே ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார், யாருக்கு எந்த ரகசியம் தெரியும், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார். படப்பிடிப்புத் தளத்தில் அவசரமாகக் காட்சி எழுதிக் கொடுக்கும் நாளில் உங்கள் மானத்தைக் காப்பாற்றுவது இந்தப் பட்டியல்தான். கதையை ஆரம்பித்தவர் வேறொருவராக இருக்கலாம், பாதியில் வந்தவர் நீங்களாக இருக்கலாம். பாத்திரம் அதையெல்லாம் அறியாமல் ஒரே ஆளாக இருக்க வேண்டும்.

*

பழைய கருவி ஒன்றும் நம்மிடம் துருப்பிடிக்காமல் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரியும் விதத்தை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்று சொல்கிறது. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். இப்போது அதை மேசைமேல் எடுத்து வையுங்கள். பெருமிதம் பிறக்குமிடம் கல்வி, தறுகண், புகழ், கொடை. இரண்டு பேரும் கர்வக்காரர்கள் என்று எழுதினால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். ஒருவருக்குப் படிப்பால் வந்த பெருமிதம், இன்னொருவருக்குக் கொடுத்துப் பழகியதால் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். படித்தவரைத் திருத்தினால் அவருக்கு வலிக்கும். கொடுத்துப் பழகியவரிடம் யாராவது கடனைத் திருப்பிக் கொடுத்தால் அவருக்கு வலிக்கும். காட்சி வந்துவிட்டது. அச்சம் பிறக்குமிடங்களில் ஒன்று 'இறை', அதாவது மேலே இருப்பவர். மேலதிகாரியின் காலடிச் சத்தம் கேட்டதும் கணினித் திரையை மாற்றும் கையை அந்தச் சூத்திரம் அன்றே எழுதி வைத்திருக்கிறது.

வெளிநாட்டில் 1927-இல் ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர், தட்டையான பாத்திரம், முழுமையான பாத்திரம் என்று பிரித்தார். நம்மை வியக்க வைக்க முடிகிற பாத்திரமே முழுமையானது, ஆனால் அந்த வியப்பு நம்பும்படியும் இருக்க வேண்டும் என்பது அவர் அளவுகோல். பயனுள்ள பிரிவுதான். தட்டையான பாத்திரம் எழுதுவது குற்றமில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஒரே காட்சியில் வந்து போகும் போஸ்ட்மேனுக்கு உள்மனப் போராட்டம் வேண்டாம்.

*

பாத்திரத்துக்குப் பதவி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி. பல்கலைக்கழக நூலகத்துக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாளாக, இருந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். ஊருக்கு வந்த கப்பல், போட்ட பீரங்கி மரியாதை, யார் யாருக்கு என்ன பரிசு, துய்ப்ளேக்சின் மனைவி மேல் தனக்குள்ள மனத்தாங்கல் என்று எல்லாம் அதில் இருக்கிறது. தன்னைப் பற்றிச் சொல்ல அவர் உட்காரவில்லை, நடந்ததைக் குறிக்கத்தான் உட்கார்ந்தார். ஆனால் எதை எண்ணினார், எதை மறக்காமல் எழுதினார் என்பதிலேயே மனிதர் முழுசாகத் தெரிகிறார். ஒரு மரியாதை குறைந்தால் அது அவருக்கு எவ்வளவு உறுத்தியது என்று புரிகிறது.

புதுச்சேரியில் பிறந்த பிரபஞ்சன் இந்த நாட்குறிப்பின் காலத்தை 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்களாக்கினார். இரண்டாவது நூலுக்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. துபாஷி என்ற வேலையின் வசதியைப் பாருங்கள். ஆளுநரிடம் ஒரு பேச்சு, வணிகர்களிடம் ஒரு பேச்சு, இரவில் தனியாக எழுதும்போது இன்னொரு பேச்சு. இன்று இதற்கு இணையானவர்கள் உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள்: மேலாளருக்கும் ஊழியருக்கும் நடுவில் நிற்கும் சூப்பர்வைசர், வழக்கறிஞரின் குமாஸ்தா, மருத்துவமனையில் உறவினர்களிடம் செய்தி சொல்லும் செவிலியர். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பவரை எடுங்கள். ஒரே செய்தியை அவர் மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொல்வதை எழுதுங்கள். எதை எங்கே மறைக்கிறார் என்பது அவர் குணம்.

மறைத்தல் என்றதும் ஜெயகாந்தனின் கங்கா நினைவுக்கு வந்தாக வேண்டும். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில் மழையில் ஒரு கார்க்காரனிடம் சிக்கித் திரும்பும் கல்லூரிப் பெண்ணை அம்மா தலையில் தண்ணீர் ஊற்றித் தேற்றி, விஷயத்தை வெளியே விடாமல் காப்பாற்றுகிறாள். கதை பெரிய சர்ச்சையானது. பிறகு ஜெயகாந்தன் அம்மாவின் அந்த ஒரு செயலை மட்டும் மாற்றினார்: செய்தி வெளியே தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அதற்கு அப்புறம் 'கங்கை எங்கே போகிறாள்'. பாத்திர வளர்ச்சி என்றால் நாயகி எடுக்கும் முடிவு என்றே பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கங்காவின் வாழ்க்கையைத் திருப்பியது அவள் முடிவு இல்லை, அவள் அம்மா வாயை மூடாமல் போனது. அதற்குப் பிறகு எஞ்சிய இடத்துக்குள் கங்கா என்ன செய்தாள் என்பதுதான் நாவல். நம் குடும்பங்களில் பெரும்பாலோருடைய கதை இப்படித்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் பாத்திரத்தை வளர்க்கும்போது, யாரோ ஒருவர் அவருக்காக எடுத்துவிட்ட முடிவு எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

*

இனிக் களப்பயிற்சி. புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து காலாப்பட்டுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்தில் ஏறுங்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடு. பிறகு மறுபடி புதுச்சேரி. அரைமணி நேரப் பயணத்தில் எல்லையை இரண்டு தடவை கடக்கிறீர்கள். பேருந்தில் மாணவர்கள் இருப்பார்கள், சட்டக் கல்லூரிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், மீன் கூடையோடு பெண்கள் இருப்பார்கள், காலாப்பட்டு மத்திய சிறையில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் ஒரு தாயும் இருக்கக்கூடும்.

அந்தத் தாயை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கண்ணீரை எழுதாதீர்கள். எந்த நிறுத்தத்துக்குச் சீட்டு கேட்கிறாள்? சிறை நிறுத்தம் என்று சத்தமாகச் சொல்கிறாளா, காலாப்பட்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கி நடக்கிறாளா? பக்கத்தில் உட்கார்ந்த மாணவி "எங்கம்மா போறீங்க?" என்றால் என்ன பதில்? மடியில் உள்ள பையில் என்ன, அதில் எதை உள்ளே விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியுமா, முதல் தடவையா? போகும்போது எழுதிய காட்சியைத் திரும்பி வரும்போதும் எழுதுங்கள். அதே பேருந்து, அதே கேள்வி. பதில் மாறினால் பாத்திரம் நகர்ந்திருக்கிறது. நிஜ மனிதரின் பெயரையோ அடையாளத்தையோ எடுக்க வேண்டாம். அவர்கள் துயரம் உங்கள் மூலதனம் இல்லை. பார்த்துக் கற்ற அசைவை வேறொரு உடம்பில் வைத்து எழுதுங்கள்.

*

கடைசியாக, கோடம்பாக்கத்துக் கதை விவாதத்தில் நிச்சயம் நடக்கப்போகும் ஒன்று. உங்கள் ஒன்லைன் பிடித்துவிடும். சீன் ஆர்டர் போடும்போது யாராவது சொல்வார்: "கேரக்டர் ஜாஸ்தியா இருக்கு. அந்த நண்பனையும் மாமாவையும் ஒண்ணாக்கிடலாம்." பதறாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். இருவரில் யார் முன்னால் நாயகனால் பொய் சொல்ல முடியாது என்று பாருங்கள். அவர் இருக்கட்டும், மற்றவருடைய வேலையை அவரிடம் கொடுங்கள். நண்பனிடம் நாயகன் கடன் வாங்கியிருந்தான், மாமாவுக்கு அவன் பழைய திருட்டு தெரியும் என்றால், இப்போது திருட்டு தெரிந்த மாமாவிடமே கடன் கேட்டு நிற்க வேண்டும். காட்சி முன்பைவிட இறுகியிருக்கும். சிலசமயம் இருவர் முன்னாலும் அவனால் தாராளமாகப் பொய் சொல்ல முடியும் என்று தெரியவரும். அப்படியானால் இருவரையுமே எடுத்துவிடலாம். எழுதிய பிரதியைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டு, அடுத்த விவாதத்துக்குப் போங்கள்.